நடக்க முடியாத நாய்க்கு நாம் கடன்பட்டவர்களா?

பத்து வருடமாக வளவைக் காத்த நாய் ஒரு நாட் காலையில் எழுந்து நிற்க முடியாமல், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வருகின்றது. "வாகனம் அடித்திருக்கும், பாவம்" என்கிறார் வீட்டில் ஒருவர். "வயதும் போய்விட்டது, இனி இதை வைத்து என்ன செய்வது?" என்கிறார் இன்னொருவர். பிள்ளைகள் அழுகிறார்கள். அயலவர் ஒருவர் வந்து பார்த்து, ஊசி போட்டு முடித்துவிடுவதே புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். வேறு சில வீடுகளில் இவ்வளவு பேச்சும் இராது. சாக்கொன்றில் போட்டுக் கட்டி, ஆள் நடமாட்டமற்ற ஒழுங்கை ஒன்றில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழுந்தும் நாம் அதிகம் சிந்தியாத கேள்வி ஒன்று இதில் அடங்கியுள்ளது. முடமாகிவிட்ட நாயைப் பராமரிப்பது, விரும்பினாற் செய்யும் தருமமா? அல்லது செய்தே தீரவேண்டிய கடனா? தருமம் என்றால், மனமும் வசதியும் உள்ளபோது செய்யலாம், இல்லாதபோது விட்டுவிடலாம். கடன் என்றால் அவ்வளவு இலகுவிற் கைகழுவிவிட முடியாது.

விடை தேடுமுன் அந்த நாயின் முதுகில் என்ன நடந்திருக்கின்றது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அறியாமல் எடுக்கும் முடிவு, இரக்கத்தினால் எடுத்ததாயினும், தவறாகிவிடக்கூடும்.

முதுகில் நேர்ந்தது என்ன?

நாயின் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 என முள்ளென்புகள் கோவையாக அமைந்திருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு என்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டு ஒன்று உண்டு. அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம்; உட்புறம் களி போன்ற மென்மையான பொருள். என்புகளின் நடுவேயுள்ள கால்வாயினூடே முண்ணாண் செல்கின்றது. காலை அசை என்னும் கட்டளையும், கால் நோகின்றது என்னும் செய்தியும் இதன் வழியாகவே போய்வருகின்றன.

இந்தத் தட்டு காய்ந்து இறுகி வெடித்து, உள்ளிருப்பது வெளித்தள்ளி முண்ணாணை நெரிக்கும்போதே துன்பம் தொடங்குகின்றது. நெஞ்சு முடிந்து இடுப்புத் தொடங்கும் இடத்திலேயே இது அதிகம் நேர்கின்றது. முதலில் நோ, அடுத்துத் தள்ளாட்டம், நெரிவு கூடினாற் கால்கள் செயலிழக்கும், சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போகும். கடைசியாகத்தான் காலின் ஆழத்தில் நோவை உணரும் சக்தியும் போய்விடும்.

இந்த ஒழுங்கை அறிவது மிக முக்கியம். மிருக வைத்தியர் நாயின் கால்விரலை இறுகக் கிள்ளிப் பார்ப்பது இதற்காகவே. நாய் திரும்பிப் பார்த்தால், அல்லது கத்தினால், செய்தி மூளைவரை போகின்றது என்று பொருள். காலை மட்டும் பின்னிழுத்தால் அது உணர்வாகாது. முண்ணாண் தானாகச் செய்யும் அனிச்சைச் செயலாக அது இருக்கலாம். உணர்வு எஞ்சியிருக்கும் நாய்களிற் பெரும்பாலானவை சத்திரசிகிச்சையின் பின் மீண்டும் நடக்கின்றன. சத்திரசிகிச்சை இன்றி, கட்டாய ஓய்வினாலேயே நடக்கத் தொடங்குபவையும் பல. ஆழ்ந்த உணர்வு முற்றாகப் போனவற்றிற்கூட, காலந்தாழ்த்தாமற் சத்திரசிகிச்சை செய்தால் ஏறக்குறைய அரைவாசி நடக்கின்றன. ஆகவே "கால் போய்விட்டது, எல்லாம் முடிந்தது" என்று முதல் நாளே தீர்ப்புக் கூறுவது சரியன்று. அதேவேளை, நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதும் சரியன்று. இங்கு மணித்தியாலங்களுக்கும் மதிப்புண்டு.

எல்லா முடமும் இந்த ஒரே காரணத்தால் வருவதில்லை. வாகனம் மோதி முள்ளென்பு முறிந்திருக்கலாம். வயதான அல்சேஷன் நாய்களில் முண்ணாணே மெல்ல மெல்லத் தேய்ந்து, நோ எதுவுமின்றிப் பின்கால்கள் மாதக்கணக்கிற் பலவீனமடைவதும் உண்டு. நம் நாட்டில் மறக்கக்கூடாத இன்னொன்று விசர் நோய். தடுப்பூசி போடாத நாய் திடீரெனக் கால் இழுத்து, வீணீர் வடித்து, தாடை தொங்கி, குணம் மாறிக் காணப்பட்டால், முதுகு நோ என்றெண்ணி அதைத் தொடவோ வாயைத் திறந்து பார்க்கவோ கூடாது. பிள்ளைகளைத் தூர விலக்கி, உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

முடமும் வேதனையும் ஒன்றல்ல

நாம் பெரும்பாலும் இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நடக்க முடியாமை ஒன்று, வேதனை இன்னொன்று. நடக்க முடியாத நாயைக் கண்டவுடன், அது நம்மைப்போலத் தன் நிலையை எண்ணி எண்ணி வருந்துகின்றது என்று கருதிவிடுகிறோம். நேற்று எப்படி இருந்தேன், நாளை என்னாவேன், ஊரார் என்ன நினைப்பார் என்னும் பாரங்கள் மனிதனுக்கு உரியவை. ஒரு காலை இழந்து மூன்று காலில் ஓடித் திரியும் நாயை நம் சந்திகளிற் காணாதவர் இல்லை. காயம் ஆறியபின் அது மற்ற நாய்களோடு சண்டை பிடிக்கின்றது, வெயில் காய்கின்றது, தெரிந்தவரைக் கண்டால் வாலாட்டுகின்றது.

நோ என்பது வேறு. முதுகை வளைத்துக்கொண்டு நிற்றல், நடுங்குதல், ஓய்ந்து கிடக்கும்போதும் இளைத்தல், தலையைக் குனிந்து கோப்பையிலுள்ளதை உண்ணாமை, தூக்கும்போது கத்துதல், அன்பான கையையும் கடிக்க வருதல் ஆகியவை நோவின் அடையாளங்கள். நாய் வாய்விட்டுச் சொல்லாது. பலவேளை சத்தமே போடாது. ஆகவே "பேசாமற் கிடக்கின்றது, நோ இல்லை" என்று எண்ணுவதும் பிழை.

"இந்த நாய் இனி நடக்குமா?" என்பதற்கு முன்னர் நாம் கேட்கவேண்டியது, "இதற்கு நோகின்றதா? அந்த நோவைத் தணிக்க முடியுமா?" என்பதாகும். முடமான ஆனால் நோவற்ற நாய் நல்ல வாழ்வு வாழக்கூடும். நான்கு காலில் நடந்தும் ஓயாத நோவுடன் இருக்கும் நாயின் வாழ்வு அதைவிடக் கொடியது. நம் கண்ணுக்கு முடம் தெரிகின்றது, நோ தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்தே தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

கடனின் வேர்

புனித தோமஸ் அக்குவைனாஸ் விலங்குகளிடம் கொடுமை செய்தல் ஆகாது என்பதற்குத் தந்த காரணங்களில் ஒன்று, அக்கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதாகும். நல்ல காரணந்தான். ஆயினும் அதில் விலங்கு நம் குணத்தைப் பயிற்றும் சாதனமாகவே நிற்கின்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒரு படி சென்று, விலங்குகள் இறைவனின் படைப்புக்கள் என்றும், அவற்றுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றும் கூறுகின்றது. இந்தக் கடமை எங்கிருந்து வருகின்றது என்பதை நாயின் விடயத்தில் வெகு தெளிவாகவே காணலாம்.

நீண்ட உடலும் குறுகிய கால்களும் கொண்ட டாஷண்ட் இனத்தை எடுத்துக்கொள்வோம். வளை தோண்டி வாழும் பிராணிகளை நிலத்தினுள் புகுந்து துரத்துவதற்காக ஜேர்மனியில் வேட்டைக்காரர் வளர்த்தெடுத்த இனம் இது. குறுகிய கால்களை விரும்பி, அத்தகைய நாய்களையே தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். அந்தக் குட்டைக் காலோடு தட்டுக்கள் இளவயதிலேயே காய்ந்து இறுகும் தன்மையும் சேர்ந்தே வந்தது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2017இல் விஞ்ஞானிகளாற் கண்டறியப்பட்டது. இவ்வின நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தன் வாழ்நாளில் இந்த நோயாற் பாதிக்கப்படுகின்றது. அழகுக்கும் தேவைக்குமாக நாமே கொடுத்த உடலின் விலையை அந்த நாய் தன் முதுகாற் செலுத்துகின்றது.

நம் வளவிலுள்ள சாதாரண நாட்டு நாய்க்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். அதன் முதுகை நாம் கெடுக்கவில்லை. ஆனால் அதன் வாழ்வை நம்மோடு கட்டிவைத்தவர்கள் நாமே. நாயின் முன்னோர் காட்டில் தம் இரையைத் தாமே தேடியவை. மனிதன் அதைத் தன் அடுப்பங்கரைக்கு அழைத்து, தன் சோற்றை உண்ணவும் தன் குரலுக்குக் காத்திருக்கவும் பழக்கிவிட்டான். அவ்வாறு பழகிய ஓர் உயிர் முடமானபின், "இனி உன் பாட்டைப் பார்" என்று ஒழுங்கையில் விடுவது, நீந்தத் தெரியாதவனை வள்ளத்தில் ஏற்றி நடுக்கடலில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்றொன்று உண்டு. 1914இல் ஜேர்மனியில் பொன் நகரை அடுத்த ஒபெர்காசெல் என்னும் இடத்தில், கல்லுடைக்கும் தொழிலாளர் ஆண் ஒருவரதும் பெண் ஒருவரதும் எலும்புகளையும், அவற்றோடு நாயின் எலும்புகளையும் கண்டெடுத்தனர். அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழைமையானவை. அந்த நாயின் பற்களை நுணுகி ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு உள்ளத்தைத் தொடுவது. ஏழு மாதம்கூட நிறையாத அக்குட்டி டிஸ்டெம்பர் எனப்படும் கடும் நோயால் வாரக்கணக்கில், ஒரு தடவையல்ல, பல தடவை வீழ்ந்து எழும்பியிருக்கின்றது. ஒருவர் அருகிலிருந்து தண்ணீர் கொடுத்து, சூடு கொடுத்து, துடைத்து எடுக்காமல் அது அத்தனை நாள் உயிர்வாழ்ந்திருக்க முடியாது என்பதே ஆய்வாளரின் கருத்து. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. உணவுக்கே அலைந்து திரிந்த பனிக்கால மக்கள், பயனற்ற அந்தக் குட்டியைப் பராமரித்தார்கள். பின்னர் மனிதரோடு சேர்த்துப் புதைத்தார்கள். மாபிள் பதித்த வீட்டிலிருந்து "இனி இது எதற்கு?" என்று கேட்கும் நாம் அவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

மனிதருக்கு இல்லாதது நாய்க்கா?

இங்கே கடுமையான ஓர் ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். 2009இல் முடிந்த யுத்தத்தின்போது முள்ளந்தண்டிற் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, இன்றும் சக்கர நாற்காலியில் வாழ்வோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிற் பலருக்கு நல்ல மெத்தையும் ஒழுங்கான மருந்தும் குறைவாயிருக்க, நாயின் முதுகைப் பற்றி எழுதுவதா?

இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்யலாகாது. மேலே குறிப்பிட்ட மறைக்கல்வி நூலும், மனிதத் துயர் துடைக்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என எச்சரிக்கின்றது. மனிதருக்கே உரிய அன்பை நாய்க்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு நோயாளியை எட்டியும் பாராதவன் நல்லவனாகமாட்டான். கடன் வாங்கிப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்து நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

ஆனால் ஆட்சேபம் சொல்வோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒழுங்கையில் விடப்பட்ட நாயின் சோறு, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கோப்பைக்குப் போய்ச் சேர்ந்ததாக நாம் கண்டதில்லை. முடமான நாய்க்கு வேண்டியவற்றிற் பெரும்பகுதி பணமுமல்ல. நேரம், பொறுமை, முகஞ்சுழியாத கை, பழைய துவாய், ஒரு வாளி தண்ணீர், இவையே அதிகம் தேவை. அத்துடன், படுத்தவரைப் புரட்டிவிடுதல், தோலைப் புண்ணாகாமற் காத்தல், சிறுநீர் தேங்காமற் பார்த்தல் என்னும் இதே பணிகளைத்தான் முள்ளந்தண்டு பாதிப்புற்ற மனிதரின் தாயும் மனைவியும் வருடக்கணக்காகச் செய்து வருகிறார்கள். ஒரு வாரம் நாய்க்கு இதைச் செய்து பார்த்த வாலிபன், அந்தத் தாயின் களைப்பை இனிமேல் வேறு கண்ணோடு பார்ப்பான். இரக்கம் கிணற்று நீரைப் போன்றது, இறைப்பதால் வற்றிவிடாது.

செய்யவேண்டிய பணிகள்

கடன் என்று ஒப்புக்கொண்டால் அதை எப்படித் தீர்ப்பது? முதல் நாளில், நாயை முன்காலிற் பிடித்துத் தூக்கக் கூடாது. பலகை ஒன்றிலோ, விறைப்பான மட்டையிலோ கிடத்தி, அசையாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுதல், நெட்டி முறித்தல் எல்லாம் கெடுதியே. மனிதருக்கான நோக் குளிசைகளைக் கொடுக்கவே கூடாது. பனடோலும் அத்தகையவையும் நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே வாங்கக்கூடும்.

தட்டு வெளித்தள்ளியதெனக் கண்டு, சத்திரசிகிச்சை செய்ய இயலாதவிடத்து, ஓய்வே மருந்து. எழுந்து திரும்பிப் படுக்கமட்டும் இடமுள்ள கூடு ஒன்றில் நான்கு வாரமாவது அடைத்துவைத்து, மலசலத்திற்கு மட்டும் வெளியே எடுக்கவேண்டும். இரண்டாம் வாரத்தில் நாய் உற்சாகமடைந்து வெளியே விடும்படி கெஞ்சும். பெரும்பாலானோர் இளகிவிடுவது இங்கேதான். நோ குறைந்ததேயன்றித் தட்டு இன்னும் ஆறவில்லை. அன்பு சிலவேளை கூட்டின் கதவைத் திறவாதிருப்பதிலும் உண்டு.

கால்கள் மீளாவிட்டால் நீண்டநாட் பணி தொடங்குகின்றது. சிறுநீரைத் தானாகக் கழிக்க முடியாத நாய்க்கு, நாளுக்கு மூன்று நான்கு தடவை வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீர்ப்பையை வெறுமையாக்க வேண்டும். இதை வைத்தியர் கைபிடித்துக் காட்டித்தரவேண்டும். தானாகச் செய்து பார்ப்பது ஆபத்து. சிறுநீர் கலங்கினாலோ கடுமையாக மணத்தாலோ கிருமி தொற்றியிருக்கலாம். நாயை மெத்தென்ற உலர்ந்த படுக்கையில் கிடத்தி, நான்கு மணித்தியாலத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். நம் வெப்ப நாட்டில் ஈரமான மயிரிலும் சிறு புண்ணிலும் இலையான் மொய்த்து முட்டையிட்டு, ஓரிரு நாளிற் புழு வைத்துவிடும். தினமும் கழுவித் துடைத்து உலர்த்துவது ஆடம்பரமல்ல. அதனாற் சொறிந்துகொள்ளவும் முடியாது. உண்ணியையும் தெள்ளையும் நாம்தான் எடுத்துவிடவேண்டும்.

வழுக்கும் தரையிற் பாயோ சாக்கோ விரித்துவிடலாம். படிக்குச் சாய்வுப் பலகை வைக்கலாம். கழுத்துப் பட்டியை நீக்கி நெஞ்சைச் சுற்றிய பட்டி போடுவது முதுகுக்கு இதம். வயிற்றின் கீழே துவாய் ஒன்றைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கி நடத்தலாம். சோற்றின் அளவைக் குறைத்து உடல் பெருக்காமற் பார்க்கவேண்டும். ஒவ்வொரு இறாத்தலும் அந்த முதுகுக்குப் பாரம். கைவேலை தெரிந்தவர் பிளாஸ்ரிக் குழாயும் இரண்டு சிறு சில்லுகளும் கொண்டு வண்டி ஒன்று செய்துவிடுவார். முதலிற் சில நிமிடம் மட்டும் பூட்டிப் பழக்கவேண்டும், படுக்கும்போது கழற்றிவிடவேண்டும், பட்டி உரசும் இடங்களைத் தினமும் பார்க்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டார் நடமாடும் இடத்தில் அதற்கு இடம் கொடுங்கள். பின்வளவு மூலையில் தனித்துக் கிடப்பதே நாய்க்குப் பெரிய தண்டனை.

எப்போது போதும்?

எல்லாம் செய்தும் நோ தணியாத நாய்களும் உண்டு. புண் ஆறாமலும், உணவு இறங்காமலும், உறக்கமின்றியும் அது கிடக்குமாயின், வைத்தியரின் ஆலோசனையோடு அதன் வாழ்வை வேதனையின்றி முடிப்பது கொடுமையாகாது. மனித உயிரின் விடயத்தில் நாம் இவ்வாறு பேசுவதில்லை; பேசவும் கூடாது. தன் துன்பத்திற்குப் பொருள் காணவும், அதை ஒப்புக்கொடுக்கவும் மனிதனால் முடியும். நாயின் வேதனைக்குள் அத்தகைய வெளிச்சம் எதுவும் இருப்பதாக நாம் அறியோம். காரணமின்றி அதை நீடிப்பதும் கடன் தீர்ப்பதாகாது.

ஆனால் அந்த முடிவை எடுக்குமுன் வீட்டுப் பெரியவர்கள் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்கட்டும். நாய் விரும்பி உண்கின்றதா? நம் காலடிச் சத்தத்திற்குத் தலை நிமிர்த்துகின்றதா? நல்ல நாட்கள் அதிகமா, கெட்ட நாட்கள் அதிகமா? இறுதியாக, மிகக் கடினமான கேள்வி: நாம் முடிக்க விரும்புவது அதன் வேதனையையா, நம் வில்லங்கத்தையா? இரண்டாவதாயின், அதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டாதிருப்போம். முடியவில்லை என்றால், பார்க்கக்கூடிய இன்னொரு வீட்டைத் தேடுவோம். உறவினரிடம் உதவி கேட்போம். உண்மையைச் சொல்லி உதவி கேட்பதில் வெட்கமில்லை.

பெற்றோரே, இந்த நாட்களில் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உழைக்க முடியாமற் போன ஓர் உயிரை இந்த வீடு எப்படி நடத்துகின்றது என்பதை, நாம் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் படித்துக்கொள்வார்கள். எனினும் அதற்காக மட்டும் நாயைப் பராமரிக்கவேண்டாம். அது நம் படலையை நம்பி வந்தது. மழையிலும் பனியிலும் நம் உறக்கத்தைக் காத்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது தருமக் கணக்கிற் சேராது.